பத்தொன்பதுக்கு நூற்று மூன்று

மலாக்காவில் என் கை படாத தரை எது என்று கேளுங்கள், யோசித்துச் சொல்கிறேன். கை பட்ட தரை எது என்று கேட்டால், சுற்றிக் காட்டவே ஒரு நாள் போய்விடும். உஜோங் பாசிரில் கடலைப் பார்த்து நிற்கிற பங்களாக்கள், செமாபோக்கில் தெருத்தெருவாக வரிசை வீடுகள், ஜாலான் துக்காங் எமாஸில் பழைய கடைகள், எல்லாம் நான் நூல் பிடித்துப் பதித்த கல். இத்தனை வருஷம் ஆகியும் ஒரு கல் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்தால், "அப்பா ஆரம்பிச்சிட்டாரு" என்று ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் எழுந்து போகாது.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ஓர் எண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். போனவன் என்றுதான் சொல்ல வேண்டும். படித்தவன் என்று சொன்னால் அந்த வாத்தியாருக்கே கோபம் வரும். வாய்ப்பாடு ஐந்து வரைக்கும் தெரியும். ஆறாம் வாய்ப்பாடு தொடங்குவதற்குள் கையில் ரப்பர் பால் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். அது பெரிய குறை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குக் கிடைத்த வரம் என்று மெர்டேக்கா வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம்தான் தெரிந்தது.

தோட்டத்தை விட்டு காஜா பெராங்குக்கு வந்து, மண்டோர் என்று நாங்கள் சொல்கிற ஒரு சீன மேஸ்திரியிடம் தரைக்கல் பதிக்கிற கூலியாகச் சேர்ந்தேன். மண்டோர் அதிகம் பேச மாட்டார். கல் குவியலைக் காட்டுவார், அறையைக் காட்டுவார், போய்விடுவார். அந்தக் குவியலை அந்த அறைக்குள் வெட்டுக்கல் விழாமல் அடக்க வேண்டும். ஓரத்தில் பாதி பாதியாகக் கல்லை வெட்டி ஒட்டினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஓரத்தில் வெட்டுக்கல் நிற்கிற தரை, பல் விழுந்த வாய் மாதிரி.

அதனால் எந்த எண்ணைக் கேட்டாலும் எனக்குக் கல்லாகத்தான் தெரியும். பன்னிரண்டு என்றால் நாலுக்கு மூன்றாகப் பதிக்கலாம், ஆறுக்கு இரண்டாகப் பதிக்கலாம். சொன்னபடி கேட்கிற எண். பதிமூன்று என்றால் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரிசையில்தான் போடலாம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குத்தான் அது ஆகும். இப்படி எண்களை நான் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தேன். அறை எண், வாய்க்கால் எண். எட்டு அறை. ஒன்பது சதுர அறை. பதினொன்று வாய்க்கால். இருபத்து மூன்று வாய்க்கால். எண் பெரிதானால் அறையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நூற்றொன்று எவ்வளவு பெரிய எண்! சுத்தமான வாய்க்கால். கல்யாணத்தில் நூற்றொன்று மொய் வைக்கிறோமே, அதைச் சரிசமமாக யாரும் பங்கு பிரிக்க முடியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் செலவழித்தாக வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் முன்னோர்கள் வைத்தார்களா தெரியாது. நான் யோசித்து வைத்திருக்கிறேன்.

பிற்பாடு என் மகளின் கணக்குப் புத்தகத்தில் பார்த்தேன், அதற்குப் பகா எண் என்று பெயர் போட்டிருந்தது. நல்ல பெயர்தான். ஆனாலும் வாய்க்கால் எண் என்று சொன்னால் கண்ணுக்குத் தெரிகிறது.

மெர்டேக்கா வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த நேரம். எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாகிவிட்டது, தரை மட்டும் வெறும் செம்மண். அந்தச் செம்மண் மேல் எனக்கு ஒரு கண். அதை நான் பதித்தால், மண்டோரின் கூலியாகப் பதிக்காமல் என் பெயரில் பதித்தால், அதன்பிறகு நான் யாருக்கும் கூலி இல்லை. கல்யாணம், காட்சி, கூட்டம் எல்லாம் நடக்கிற இடம். வருகிறவன் எல்லாம் குனிந்து தரையைப் பார்ப்பான். இதைவிட விளம்பரம் எங்கே கிடைக்கும்?

மண்டபத்துக்குத் தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கடைக்குள் பேசினால் ரோட்டில் சைக்கிளில் போகிறவன் இறங்கிவிடுவான். அவர் ஒரு சாயங்காலம் எல்லாரையும் அந்தச் செம்மண் தரையில் பாய் போட்டு உட்கார வைத்தார்.

"மெர்டேக்கா அன்னைக்கு நம்ம காஜா பெராங்குல வெளக்கு ஏத்துறோம். எத்தன வெளக்கு? இந்த வருஷம் என்ன வருஷமோ அத்தன வெளக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. ஒண்ணு கூடக்கூடாது, ஒண்ணு கொறையக்கூடாது. பட்டாளத்து ஆளுங்க மாதிரி வரிசையா நிக்கணும். கடைசி வரிசை மட்டும் மொட்டையா நின்னுச்சுன்னா நாட்டுக்கு ஆகாது, சொல்லிட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தபிறகுதான் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் எட்டால் போட்டார், மிச்சம் விழுந்தது. ஒருவர் பன்னிரண்டால் போட்டார், மிச்சம் விழுந்தது. பதிமூன்று, பதினாலு, பதினைந்து, பதினாறு. பதினாறு வந்ததும் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நம் ஆட்கள் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும்தானே மனப்பாடம் பண்ணுவது? அங்கே வேலி போட்ட மாதிரி நின்றுவிட்டார்கள். "பதினாறு வரைக்கும் பாத்தாச்சு முதலாளி. இது எதுக்குள்ளயும் அடங்காத எண்ணு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

செமாபோக்கிலிருந்து ஒரு பந்தல்காரர் வந்திருந்தார். நல்ல வேலைக்காரர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூங்கிலில் வளைவு கட்டி, மின்சார பல்பு போட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் எழுந்தார்.

"முதலாளி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதா வெச்சிக்குங்க. நாப்பதுக்கு நாப்பத்தொம்போது. கச்சிதமா நிக்கும்."

"சரிலா. நீ நேரா கோலாலம்பூருக்குப் போயி, மெர்டேக்காவ மூணு வருஷம் தள்ளி வைக்கச் சொல்லிட்டு வா. அப்புறம் வெச்சிக்குவோம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பந்தல்காரர் முகம் சிவந்து, "அப்ப வெளக்க விட்டுட்டு வளைவக் கட்டுங்க. அடங்காத எண்ண வெச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

நான் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் எழுந்தேன். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க முதலாளி. அடங்குமா அடங்காதான்னு நான் சொல்றேன்."

பந்தல்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏம்பா கல்லு, வாய்ப்பாடு எது வரைக்கும் தெரியும் ஒனக்கு?"

"அஞ்சு."

செம்மண் தரை அதிர்ந்தது. பந்தல்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பதினாறு தெரிஞ்சவனே பாயச் சுருட்டிட்டான். அஞ்ச வெச்சிக்கிட்டு எந்திரிக்கிறான் பாருங்க! டேய், நீ மட்டும் நிக்க வெச்சிட்டீன்னா நானே வந்து ஒன் வெளக்குக்குத் திரி போடுறேன். இல்லேன்னா செமாபோக்குலேர்ந்து என் மூங்கில் மொத்தத்தையும் நீ தோள்ல தூக்கிட்டு வரணும்."

"தூக்குறேண்ணே. அதுக்கு முன்னாடி முதலாளி ஒரு வார்த்த சொல்லணும். நான் நிக்க வெச்சிட்டா இந்தத் தரை எனக்கு. என் பேர்ல."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளக்கு வரிசையா நின்னுச்சுன்னா தரை ஒனக்கு. அன்னைக்கு ஜனங்க முன்னாடி என் மானம் போச்சுன்னா, இந்தத் தரையில நீ நடக்கவே கூடாது."

மறுநாள் ஒரு வீட்டுக் குளியலறையில் எனக்குச் சின்ன மொசைக் கல் பதிக்கிற வேலை. கை பாட்டுக்குக் கல்லைப் பதித்தது, மனசு பாட்டுக்கு அந்த எண்ணைப் பதித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்று புரிந்தது. எல்லா அகலத்தையும் பார்க்கத் தேவையில்லை. நாலு அகலத்தில் அடங்குகிற குவியல் இரண்டு அகலத்திலும் அடங்கும். ஆறில் அடங்கினால் மூன்றிலும் அடங்கும். அப்படியானால் வாய்க்கால் எண்களை மட்டும் பார்த்தால் போதும். நேற்று எட்டையும் பன்னிரண்டையும் பதினாறையும் போட்டுப் பார்த்ததெல்லாம் வெட்டி வேலை.

இரண்டாவதாக, எங்கே நிறுத்துவது என்று யோசித்தேன். பதினாறில் ஏன் நிறுத்த வேண்டும்? அறை அகலமாக ஆக ஆக நீளம் குறையும். ஓர் இடத்தில் அகலமும் நீளமும் ஒன்றாகிச் சதுரமாகிவிடும். அதைத் தாண்டினால் புது அறை எதுவும் கிடையாது, பழைய அறையையே திருப்பிப் போட்ட மாதிரிதான். நாற்பத்து நாலுக்கு நாற்பத்து நாலு போட்டால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நாற்பத்து நாலு வரை. அதற்குள் அடங்கவில்லை என்றால் அது ஜென்மத்துக்கும் வாய்க்கால்தான். நான் மூங்கில் தூக்க வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஈரச் சிமெண்டில் முட்டி போட்டுக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு ஆகாது. மூன்றால் அடுக்கினால் ஒன்று மிச்சம். ஐந்தால் இரண்டு. ஏழால் நாலு. பதினொன்றுக்கு ஒரே ஒரு கல் குறைந்தது, அந்த ஒரு கல்லுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பதிமூன்றால் ஏழு மிச்சம். வேலியைத் தாண்டினேன். பதினேழால் இரண்டு மிச்சம்.

பத்தொன்பது வந்தது. பத்தொன்பது நூறு என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம். கரணையைக் கீழே வைத்துவிட்டேன். மீதி ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு என்பது மூன்று பத்தொன்பது.

நூறும் மூன்றும். பத்தொன்பதுக்கு நூற்று மூன்று!

எண்ணுக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறது, ஊரே பார்க்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் அந்த வீட்டுக்காரர் கல் காலில் விழுந்துவிட்டது என்று ஓடிவந்தார்.

சாயங்காலம் முதலாளி கடையில் போய்ச் சொன்னேன். அவர் துணி அளக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு, கடலைக்காரன் சுருட்டுகிற காகிதத்தில் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. மறுபடி போட்டார். சரியாக வந்தது. ஆனாலும் முகம் மலரவில்லை.

"என்னப்பா இது, இவ்வளவு ஒடுக்கமா இருக்கு? பொடவ மாதிரி நீட்டமா கெடக்கும் போலிருக்கே. கொஞ்சம் அகலமா வராதா?"

"பொடவ வித்து மாடி கட்டினவரு நீங்க. நீளத்துக்குக் கொற சொல்லலாமா முதலாளி?"

கடைப் பையன்கள் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நான் விளக்கினேன். பத்தொன்பது ஒரு வாய்க்கால் எண், நூற்று மூன்றும் வாய்க்கால் எண். இரண்டையும் அதற்கு மேல் உடைக்க முடியாது. உடைக்க முடிந்தால்தானே துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து வேறு அறை கட்டலாம்? "இந்த எண்ணுக்கு ஆண்டவன் குடுத்தது ஒரே ஒரு அறை. வேணும்னா திருப்பிப் போட்டுக்கலாம். வேற வழி கெடையாது."

"வேற வழியே இல்லியா?"

"இல்லாதது நல்லதுதான் முதலாளி. யோசிக்கிற வேலை மிச்சம்."

பந்து விளையாடுகிற திடல் இந்த நீளத்துக்குச் சரிப்படவில்லை. ஆனால் காஜா பெராங்கில் எங்கள் ரோட்டோரமாகவே ஓர் இடம் இருந்தது. வாய்க்காலுக்கும் வேலிக்கும் நடுவில் நீட்டாகப் போகிற புல்தரை. அது ஒரு செட்டி வீட்டு அம்மாவுக்குச் சொந்தம். மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நமக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் இங்கே வந்து, இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள். நாக்கில் வருவது மலாய். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் மலாயில் அத்தை என்கிற மாதிரி மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஒரு கடாய் நிறைய பலகாரம் வேகவைத்துக்கொண்டே ஊரை அதட்டுகிற ஆள்.

நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் புல்தரையை ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை வருஷமா இந்த எடம் எதுக்கும் ஒதவாதுன்னு என் தங்கச்சி ஏசுறா. வீடு கட்ட முடியாது, கோழிக் கூண்டு போட முடியாது. கடைசில இதுக்குப் பொருத்தமா ஒரு எண்ணு கெடச்சுதா? வையி, வையி" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எண்ணெய் ஊற்றுவது, திரி திரிப்பது எல்லாம் தன் வீட்டுப் பெண்கள் பொறுப்பு என்று அங்கேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

விளக்கு என்றால் மண் அகல் இல்லை. அத்தனை அகலுக்கு எங்கே போவது? கோப்பிக்கடைகளில் தூக்கிப்போடுகிற பால் டின். அதைப் பாதியாக வெட்டி, விளிம்பை மடக்கினால் அருமையான விளக்கு. ஊரிலுள்ள கோப்பிக்கடை எல்லாவற்றுக்கும் போய் டின் பொறுக்கினோம். ஒரு வரிசைக்கு ஒரு சாக்கு, சாக்குக்கு நூற்று மூன்று டின் என்று நான் சட்டம் போட்டேன். ஆளுக்கொரு சாக்காக எண்ணிக் கட்டினார்கள். முதலாளி மட்டும், "நான் எண்ணாம எப்படி?" என்று கடைக்கே ஆறு சாக்கைக் கொண்டுபோய், தன் கையாலேயே எண்ணிக் கட்டி அனுப்பினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா அன்று மத்தியானமே ஆரம்பித்தோம். நீளவாட்டில் ஒரு கயிறு இழுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன். அகலவாட்டில் இன்னொரு கயிறு. ரசமட்டம் வைத்துப் புல்தரையின் மேடு பள்ளத்தைத் தட்டிச் சரிப்படுத்தியிருந்தேன். சாக்குகளையெல்லாம் மாக்சிக் வீட்டு முற்றத்தில் ஒன்றாகக் கொட்டினார்கள். பெண்கள் திரி போட்டு எண்ணெய் ஊற்றித் தட்டு தட்டாகக் கொடுக்க, நாங்கள் முடிச்சுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனோம். ரோட்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. செமாபோக்கிலிருந்தும் வந்தார்கள், சீனர் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், பள்ளிவாசலுக்குப் போகிற மலாய்க்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். தலைமாட்டில் ஒரு பெரிய பலகை, அதில் சிவப்பு எழுத்தில் 1957. முதலாளி புதுச் சட்டை போட்டு, பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாதிரி நின்றார்.

கடைசி முடிச்சில் கடைசி விளக்கை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நூல் பிடித்த மாதிரி கோடு. ஒரு பல் விழவில்லை.

அப்போது முற்றத்திலிருந்து மாக்சிக் குரல் கொடுத்தார். "அடா லாகி! எனாம்!"

இன்னும் இருக்கிறதாம். ஆறு விளக்கு.

தட்டில் ஆறு டின், எண்ணெயும் திரியுமாகத் தயாராக நின்றது. வைக்க முடிச்சு இல்லை.

கூட்டத்தில் குசுகுசு என்று பேச்சு பரவியது. பந்தல்காரர் வேலியோரத்திலிருந்து கையைத் தட்டினார். "என்னா கல்லு! பட்டாளத்துல ஆறு பேருக்கு எடமில்லியா? ஒன் கணக்குக்கு வாலு மொளச்சிருக்கு பாரு!"

முதலாளி முகம் கறுத்துவிட்டது. "டேய், நான் என் கையால எண்ணினேன்டா. எண்ணி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. இதுல ஆறு மிஞ்சினா, கீழ நிக்கிறது ஆறு கொறைச்சல். பலகையில எழுதி வெச்சிருக்கேன்! பொய்யா சொல்றேன் ஜனங்களுக்கு? எங்கியாவது அந்த ஆற நொழை!"

எங்கே நுழைப்பது? ஒரு வரிசையில் ஒன்று கூட வைத்தாலும் கோடு செத்துப்போகும். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திருப்பி எண்ணுவது என்றால் எண்ணி முடிவதற்குள் மெர்டேக்காவே முடிந்துவிடும். மண்டபத்துச் செம்மண் என் காலடியிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்தான். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் தப்பு பண்ணுவான், எண் தப்பு பண்ணாது. தப்பு தரையில் இல்லை, சாக்கில்தான் இருக்கிறது.

"பந்தல்காரண்ணே, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "நான் எண்ணினா நம்ப மாட்டாங்க. நீங்க எண்ணுங்க. எல்லாத்தையும் எண்ண வேணாம். ரோட்டோரமா இருக்கிற ஒரே ஒரு வரிசைய மட்டும் எண்ணுங்க. மாக்சிக், நீங்க தலைமாட்டு அகலத்த எண்ணுங்க. நடுவுல ஓட்ட இல்லன்னு எல்லாருக்கும் கண்ணு இருக்கு."

பந்தல்காரர் என் கழுத்தைப் பிடிக்கிற ஆசையில் ஒவ்வொரு டின்னாகக் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். கூட்டமும் அவரோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. தமிழில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம், சீனத்தில் கொஞ்சம். நூறு, நூத்தியொண்ணு, நூத்தி ரெண்டு. கடைசி டின்னில் அவர் விரல் நின்றது.

"நூத்தி மூணு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மாக்சிக் தலைமாட்டிலிருந்து, "செம்பிலான் பெலாஸ்!" என்று கத்தினார். பத்தொன்பது.

"பத்தொம்போதுக்கு நூத்தி மூணு. கீழ நிக்கிறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. பலகை பொய் சொல்லல முதலாளி" என்றேன்.

"அப்ப இந்த ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சிச்சா?"

"நீங்க எத்தன சாக்கு எண்ணினீங்க முதலாளி?"

"ஆறு."

"ஒரு தடவ எண்ணிக் காட்டுங்களேன். இந்த ஆற எண்ணுங்க போதும்."

முதலாளி தட்டைப் பிடுங்கினார். கடையில் துணி எண்ணுகிற அதே ராகத்தில், அதே பெரிய குரலில், ஒவ்வொரு டின்னாக எடுத்து வைத்தார்.

"லாபம்... ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

ஆறு டின்னும் தீர்ந்துவிட்டது. அவர் வாயில் ஐந்துதான் வந்திருந்தது.

முதலில் சிரித்தது பந்தல்காரர். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ரோடே சிரித்தது. நம் ஆட்கள் நெல் அளந்தாலும் அரிசி அளந்தாலும் முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது வழக்கம்தானே? லாபம் சொன்னால் அதுதான் ஒன்று; அடுத்தது இரண்டு. முதலாளி லாபத்தையும் சொல்லி, அப்புறம் ஒன்றிலிருந்தும் ஆரம்பித்திருக்கிறார். சாக்குக்கு ஒரு டின் கூடுதல். ஆறு சாக்கு, ஆறு டின்.

முதலாளி அசரவில்லை. "என்னாலா சிரிக்கிறீங்க? லாபம்ங்கிறது சாமிக்கு. மொதல்ல சாமிக்கு ஒண்ணு எடுத்து வெச்சிட்டுத்தான் நான் எண்ணுவேன். எங்க அப்பாவும் அப்படித்தான் எண்ணினாரு. சாமிக்குக் குடுத்தத யாராச்சும் கணக்குல சேப்பானா?"

கடையில் அவரிடம் பத்துக் கெஜம் கேட்டால் பதினொன்று கிடைக்குமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

"சாமிக்குன்னா சாமிக்கே இருக்கட்டும் முதலாளி. ஆனா இந்த வரிசைக்குள்ள சாமி வேணாம்" என்றேன். மாக்சிக் தட்டை முதலாளி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தாங்கா, தாங்கா" என்று தன் வீட்டுப் படிக்கட்டைக் காட்டினார். மூன்று படி. படிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்றுக்கு இரண்டு! ஆறும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மிஞ்சியதும் அறை எண்தான் பாருங்கள். முதலாளி ஏழு சாக்கு எண்ணியிருந்தால் ஏழு மிஞ்சியிருக்கும், அது வாய்க்கால். எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்? எனக்கு நேரம் நன்றாக இருந்தால் மிச்சம்கூட அடங்கி நடக்கும்.

சூரியன் மறைந்ததும் வரிசைக்கு ஒரு வீடு என்று பந்தம் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வீடுகள், செட்டி வீடுகள், எதிர்ச் சாரியில் இருந்த சீன வீடு, சைக்கிளை நிறுத்திய மலாய்க்காரர் ஒருவரும் பந்தம் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலாளி "மெர்டேக்கா!" என்று கத்தியதும் எல்லா வரிசையும் ஒரே முனையிலிருந்து கிளம்பியது. நெருப்பு நீளவாட்டில் ஓடி வந்ததைப் பார்க்க வேண்டுமே! ரோட்டோர வரிசைக்குப் பந்தம் பிடித்தவர் யார் தெரியுமா? பந்தல்காரர். வழியில் திரி சாய்ந்திருந்த டின்களில் எல்லாம் நிமிர்த்தி நிமிர்த்திப் போட்டுக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டும்போது, "திரி போட்டாச்சுடா கல்லு. போதுமா?" என்றார்.

"போதும்ணே. மூங்கில நீங்களே தூக்கிக்குங்க."

கூட்டம் அந்த நீட்டுப் பக்கம் முழுக்க நின்று பார்த்தது. சதுரமாக இருந்திருந்தால் முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் தெரிந்திருக்கும். புடவை மாதிரி நீளமாக இருந்ததால் காஜா பெராங் முழுக்க முதல் வரிசையில் நின்றது. முதலாளியே என் தோளில் கை போட்டு, "நல்லவேளை நான் நீளமா வெக்கச் சொன்னேன்" என்றார். தரை எனக்கு வந்துவிட்டது, பேச்சு அவருக்குப் போகட்டும்.

சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. மண்டபத் தரையை என் பெயரில் பதித்தேன். சீன மண்டோரே வந்து பார்த்து, ஓரம் ஓரமாக நடந்து வெட்டுக்கல் தேடினார். கிடைக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் அத்தனை வருஷத்தில் என்னோடு பேசிய நீண்ட பேச்சு அது. முதல் கல்லை முதலாளிதான் கையில் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது பழக்க தோஷத்தில், "லாபம்" என்றார். நான் சிமெண்டில் வைத்து அழுத்திக்கொண்டே, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்றேன்.

சில வருஷம் கழித்து, எனக்குக் கீழே ஆறேழு பேர் வேலை பார்க்கிற காலத்தில், ஒரு நாள் முதலாளி மூச்சு வாங்க என் வேலையிடத்துக்கு வந்தார். மலாயா மலேசியா ஆகிவிட்டது என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம்.

"டேய், இது என்ன வருஷம்?"

"அறுபத்து மூணு."

"அன்னைக்கு மெர்டேக்காவுக்கு எரிஞ்ச வெளக்கு மொத்தம் எத்தன? படிக்கட்டோட சேத்துச் சொல்லு."

நான் கரணையைக் கீழே வைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழும் ஆறும்.

"அப்பவே தெரிஞ்சுதான்டா லாபம் போட்டு எண்ணினேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சுவரிலிருந்த பல்லி விழுந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது... அடங்குற எண்ணுதானா?"

நான் ஒரு கல் பதிக்கிற நேரம்தான் எடுத்துக்கொண்டேன்.

"பதிமூணுக்கு நூத்தி அம்பத்தொண்ணு, முதலாளி. மொட்ட வரிசையே இல்ல."